பதினான்கு வரிகளில் பதினொன்று உங்கள் பெயர்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 38 வயதுச் சகோதரி ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருக்கு நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. காலை 7.40-க்கு வீட்டைவிட்டு இறங்கினால்தான் பஸ் பிடித்து, வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் நெரிசலைத் தாண்டி நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். மகன் எட்டாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. பள்ளி வேன் 8.10-க்கு வரும். வீட்டில் 70 வயது மாமியார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறார். கணவர் 13 வருடம் வளைகுடாவில் இருந்தவர். எட்டு மாதத்துக்கு முன்பு ஊரோடு வந்து, தக்கலையில் சின்னதாக ஒரு கடை போட்டிருக்கிறார். கடை 9.30-க்குத் திறக்கும்.

"அவர் வந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஆசுவாசம் கிடைக்கும் என்று 13 வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தபிறகுதான் வீடு இன்னும் தாறுமாறாகிவிட்டது" என்கிறார் இந்தச் சகோதரி. காலை 7.20-க்கு மகளின் ஒற்றை சாக்ஸைக் காணவில்லை. டிபன் பாக்ஸுக்கு மூடி பொருந்தவில்லை. மகன் அப்போதுதான் கையெழுத்துக் கேட்டு நோட்டை நீட்டுகிறான். இதையெல்லாம் பார்த்த கணவர் ஒரு வெள்ளை போர்டு வாங்கி அட்டவணை எழுதினார். குடும்பத்துக்கென்று வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினார். சகோதரி தன் பங்குக்கு 1,800 ரூபாய்க்கு ஒரே மாதிரி டப்பாக்கள் வாங்கி அடுக்களையை மாற்றி அடுக்கினார். ஒரு வாரத்தில் மாமியார் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விட்டார். போன மாதம் மாமியார் காலை மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிட, "நீ பார்க்கக் கூடாதா?" என்று கணவர் கேட்க, அன்று பெரிய சண்டை.

கேள்விகள் மூன்று. இப்போது 4.30-க்கு எழுந்திருக்கிறேன், 4 மணிக்கு எழுந்தால் சரியாகுமா? வீட்டை ஒழுங்குபடுத்த வேறு என்ன வாங்கலாம்? மாமியைக் கொஞ்ச நாள் கொழுந்தன் வீட்டில் விட்டால் நிம்மதி வருமா? கடைசி வரியில், "சோம்பேறி என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. ஆனால் நான்தான் சரியில்லையோ என்று பஸ்ஸில் உட்கார்ந்து அழுகிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த வெள்ளை போர்டின் படத்தைத்தான் முதலில் பார்த்தேன். மூன்று கலரில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, உங்கள் கணவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். வரிகளை எண்ணினேன். மொத்தம் 14. அதில் 11 வரிகளில் உங்கள் பெயர். பால் வாங்குவதும் கரண்ட் பில் கட்டுவதும் அவர் பெயரில். 'பிள்ளைகள் படிப்பு' என்ற வரியில் யார் பெயரும் இல்லை. அதையும் நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவது. உங்கள் 11 வரிகளோ தினமும் வருபவை.

நீங்கள் சரியில்லை என்பதற்கு அந்த போர்டில் ஒரு சான்றும் இல்லை. நாலு பேர் வேலை ஒருவர் தலையில் இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை எடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில், ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை எதையாவது செய்த பெண்கள் 100-க்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண்களுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தபோது பெண்களின் கணக்கு 289 நிமிடம். ஐந்து வருடத்தில் 10 நிமிடம்தான் குறைந்திருக்கிறது.

இந்த நிமிடக் கணக்கில் வராத வேலை ஒன்று உண்டு. அதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று நினைக்கிறேன். நினைவு வைத்துக்கொள்ளும் வேலை. உப்பு தீரப் போகிறது, வியாழக்கிழமை சார்ட் பேப்பர் வேண்டும், மாமிக்கு மாத்திரை இன்னும் நாலு நாளைக்குத்தான் இருக்கிறது, கேஸ் எப்போது தீரும். உங்கள் கணவர் கேட்டால் எல்லாம் செய்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்பதற்கு முதலில் உங்களுக்கு நினைவு வர வேண்டுமே. சார்ட் பேப்பர் வாங்கப் பத்து நிமிடம் போதும். அதை மூன்று நாள் தலையில் சுமந்து, மகளிடம் எந்தக் கலர் என்று கேட்டு, கடை பூட்டுவதற்குள் அவருக்குப் போன் செய்வது உங்கள் வேலையாகவே இருக்கிறது.

ஆகவே கீழே நான் சொல்லும் எல்லா யோசனைக்கும் ஒரே அளவுகோல்தான் வைத்திருக்கிறேன். அது உங்கள் தலையில் இருக்கும் ஒன்றை இறக்கி, ஒரு கொக்கியிலோ பெட்டியிலோ காலண்டரிலோ இன்னொருவர் பொறுப்பிலோ வைக்கிறதா? வைத்தால் செய்யுங்கள். இல்லையென்றால், எவ்வளவு அழகான டப்பாவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

4 மணிக்கு எழுந்திருக்க வேண்டாம்

இரவு 11 மணிக்குப் படுத்து 4.30-க்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இன்னும் அரை மணியைக் குறைத்தால் அந்த அரை மணியில் இன்னொரு வேலை வந்து உட்காரும், அவ்வளவுதான். தூக்கம் குறைந்தால் மறதி கூடும். உங்கள் வீட்டில் எல்லாமே உங்கள் ஞாபகத்தில் ஓடுவதால் அந்த மறதி எல்லோரையும் பாதிக்கும். பிள்ளைகளுக்கும் இதைப் பாருங்கள்: 12 வயது வரை 9 மணி நேரமாவது, 13-க்கு மேல் 8 மணி நேரமாவது தூங்க வேண்டும். மகன் 11.30 வரை போன் வைத்திருக்கிறான் என்கிறீர்கள். காலையில் அவனை எழுப்பவே 20 நிமிடம் போகிறதென்றால் அந்த 20 நிமிடம் முந்தைய இரவிலேயே தொலைந்துவிட்டது. ராத்திரி 9.30-க்கு எல்லாப் போனும், உங்கள் இருவருடையது உட்பட, ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். பெரியவர்கள் போன் வராமல் பையன் போன் வராது.

7.40-க்கும் 8.10-க்கும் நடுவே

கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோதுதான் இது கண்ணில் பட்டது. நீங்கள் 7.40-க்கு இறங்குகிறீர்கள். வேன் 8.10-க்கு. கடை 9.30-க்கு. அந்த அரை மணி நேரம் வீட்டில் உங்கள் கணவர் இருக்கிறார். ஆனாலும் பிள்ளைகளுக்குத் தலைசீவி, பை கட்டி, ஷூ வரைக்கும் மாட்டிவிட்டுத்தான் நீங்கள் இறங்குகிறீர்கள். 13 வருடம் அவர் வீட்டில் இல்லாததால் வந்த பழக்கம் அது. இப்போது ஆள் இருக்கிறார். பழக்கம்தான் இன்னும் மாறவில்லை.

ஒன்று கேட்கிறேன். வளைகுடாவில் அவர் இருந்த அறையில் எத்தனை பேர்? நம் மாவட்டத்திலிருந்து போய்வந்தவர்கள் நிறையப் பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். ஆறு பேர், எட்டுப் பேர் இருக்கும் அறையில் சமையல் முறை வைத்துத்தான் நடக்கும். இன்று என் முறை என்றால் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பதில் தொடங்கி கடைசிப் பாத்திரம் கழுவுவது வரை நான்தான். உப்பு எங்கே என்று பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை எழுப்பிக் கேட்க முடியாது. உங்கள் கணவருக்கு இந்த வழக்கம் நன்றாகத் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அது மறந்துபோகக் காரணம், இங்கே அவரை யாரும் முறைக்காரராக நினைக்கவில்லை, விருந்தாளியாக நினைத்தார்கள். ஒவ்வொரு லீவிலும் 40 நாள் வந்துபோனவரை நீங்களும் மாமியும் அப்படித்தான் கவனித்தீர்கள்.

அதனால் "எனக்கு உதவி செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். உதவி என்ற சொல்லிலேயே வேலை உங்களுடையது என்று ஆகிவிடுகிறது. "பிள்ளைகளை வேனில் ஏற்றுவது இனி உங்கள் முறை. எழுப்புவதிலிருந்து வேன் கதவு சாத்துவது வரை" என்று முழு வேலையாகக் கொடுங்கள். மீன் வாங்கினால் அதை வெட்டிக் கழுவுவதும் அவரே. மாமியின் மாத்திரை முழுக்க அவர் பொறுப்பு. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இதில் ஒரு சங்கடம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் மகள் கோணல் வகிடோடு போவாள். ஒரு நாள் டை இல்லாமல் போவாள், டீச்சர் டைரியில் எழுதி அனுப்புவார். எழுதட்டும். அந்தக் குறிப்பில் அவரே கையெழுத்துப் போடட்டும்.

வாசல் பக்கத்துக் கொக்கி

எங்கள் அம்மா வீட்டில் வாசல் தூணில் ஒரு பனையோலைப் பெட்டி தொங்கும். ரேஷன் கார்டு, சாவி, பஸ்ஸுக்குச் சில்லறை எல்லாம் அதில்தான். எதுவும் தேடிய ஞாபகம் எனக்கு இல்லை. உங்கள் வீட்டிலும் வெளிக்கதவுக்கு உள்பக்கம் அப்படி ஓர் இடம் வேண்டும். சுவரில் ஆளுக்கொரு கொக்கி, மகள் கைக்கு எட்டும் உயரத்தில். கீழே ஆளுக்கொரு பழைய அட்டைப்பெட்டி. பள்ளிப் பை, ஐடி கார்டு, தண்ணீர் பாட்டில், குடை, உங்கள் பஸ் பை எல்லாம் இரவு சாப்பாட்டுக்கு முன்பே அங்கே வந்துவிட வேண்டும். கையெழுத்து வாங்க வேண்டிய நோட்டுக்கு அதே இடத்தில் ஒரு தட்டு. தட்டில் வைக்காத நோட்டுக்குக் காலையில் கையெழுத்துக் கிடையாது. இரண்டு தடவை கிடைக்காமல் போனால் மூன்றாம் தடவை ராத்திரியே வந்துவிடும்.

சாக்ஸுக்கு எளிய வழி, ஒரே கடையில் ஒரே மாதிரி ஆறு ஜோடி வாங்கிவிடுவது. அப்புறம் ஜோடி தேடும் வேலையே இல்லை. வாஷிங் மெஷினில் போடும்போது ஒரு வலைப் பைக்குள் போட்டால் ஒற்றை ஒற்றையாகத் தொலையாது.

டிபன் பாக்ஸ் மூடியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு மனது கஷ்டமாக இருந்தது. மூடி கிடைக்காமல் மாமி வாழையிலைத் துண்டை வைத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுக்க, வேனில் குழம்பு கொட்டி மகள் அழுதுகொண்டு வந்தாள் என்கிறீர்கள். 1,800 ரூபாய் டப்பாவுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான். வீட்டில் உள்ள எல்லா டிபன் பாக்ஸையும் எல்லா மூடியையும் தரையில் பரப்பி ஜோடி சேருங்கள். ஜோடியில்லாதது எதுவானாலும் வெளியே. மீதியில் ஒரே அளவு, ஒரே மூடி உள்ளதாக ஆறு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூடியும் எந்த டப்பாவுக்கும் பொருந்த வேண்டும். இந்த வேலையை மகனிடம் கொடுங்கள். மகள் ஒன்பது வயதில் பாத்திரம் துடைக்கிறாள், மகன் 13 வயதில் சாப்பிட்ட தட்டை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போகிறான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அதைப் போகிற போக்கில் விட முடியாது. உங்கள் மருமகள் இன்னொரு ஊரில் இருந்து இதே கடிதத்தை எழுதாமல் இருக்க வேண்டுமே.

மழையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் நம் மாவட்டத்தில் அதைக் கணக்கில் எடுக்காத ஒழுங்கு ஜூன் மாதத்திலேயே கலைந்துவிடும். நமக்கு ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. யூனிபார்ம் காயாத நாட்கள் வருடத்தில் பாதி. ஆளுக்கு மூன்று செட் இருந்தால் நல்லது. ஈரத் துணியை இரவில் ஃபேனுக்கு நேர்கீழே, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விட்டுப் போடுங்கள். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, படுக்கும் முன் ஒரு தடவை மாற்றினால் காலைக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும்.

அடுக்களை மாமியின் இடம்

இங்கேதான் நீங்கள் அறியாமல் தவறிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் வேலைக்குப் போன நேரமெல்லாம் அந்த அடுக்களையில் நிற்பவர் மாமி. சாம்பார்ப் பொடி எந்த உயரத்தில், புளி எந்த ஜாடியில் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணால் தேட வேண்டியதில்லை, கை போகும். 70 வயதில் கண் மங்கும்போது அந்தக் கைப்பழக்கம்தான் அவருக்குப் பிடிமானம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போய் வருவதற்குள் நீங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டீர்கள். 22 டப்பா, எல்லாம் ஒரே வெள்ளை மூடி. துவரம்பருப்பு எது, கடலைப்பருப்பு எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருப்பார். பழைய இடத்துக்குக் கொண்டுபோனதைப் போட்டி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; சமைக்க முடியாமல் செய்தது அது.

அந்த டப்பாக்களைத் தூக்கிப் போடவும் வேண்டாம். மாமியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எது எங்கே இருந்தால் உங்களுக்குச் சௌகரியம்?" என்று கேட்டு அவர் சொல்லும் இடத்தில் வையுங்கள். தினம் தொடும் பொருள் இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள தட்டில். மாதம் ஒரு தடவை எடுப்பது மேலே. டப்பாவின் நெற்றியில் பெரிய எழுத்தில் பெயர்.

இரவே சமைத்து வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் ராத்திரி 9 மணிக்கு வைத்த தேங்காய் அரைத்த குழம்பை அடுப்பிலேயே விட்டுக் காலையில் சுடவைத்துக் கட்டிக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதை உடனே நிறுத்துங்கள். நம் புழுக்கத்துக்கு அது ஆபத்து. சோற்றிலும் ஒரு வகைக் கிருமி உண்டு. வெளியே நெடுநேரம் இருந்தால் அது விடும் நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. சமைத்தது இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். அகலப் பாத்திரத்தில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். காலையில் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே டப்பாவில் போட வேண்டும். ஃபிரிட்ஜில் இடமில்லை என்றால் அங்கிருக்கும் பழைய ஊறுகாய்ப் பாட்டில்களைப் பாருங்கள்.

இரவில் முழுக் குழம்பு வைப்பதைவிட அரை வேலை முடித்து வைப்பது எளிது. தேங்காய் துருவி ஒரு நாளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து ஃபிரீசரில் வையுங்கள். சின்ன உள்ளியை ஞாயிறு மதியம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உரித்தால் வாரம் ஓடும். 'இன்று என்ன வைப்பது' என்ற கேள்வியை ஒழிக்க, கிழமைக்கு ஒன்று என்று தீர்த்துவிடுங்கள். திங்கள் புட்டும் பயறும், செவ்வாய் தோசை, புதன் இரவு கஞ்சியும் துவையலும் என்று உங்கள் வீட்டு வழக்கப்படி. சனிக்கிழமை மரச்சீனிக் கிழங்கு அவித்தால் அது ஒரு வேளைக்கு ஆயிற்று. ஏழு நாளுக்கும் வேண்டாம், ஐந்து போதும். இரண்டு நாள் மனதுபோல இருக்கட்டும்.

மீன் விஷயம் கொஞ்சம் கவனம். சனிக்கிழமை 11 மணிக்கு வாங்கிய சாளையைப் பையோடு சிங்க்கில் வைத்து, நீங்கள் மாலை 6.30-க்கு வந்து கழுவுகிறீர்கள். சாளை, அயிலை, சூரை இந்த மூன்றும் குளிர்ச்சியில்லாமல் இருந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. முகம் சிவப்பது, அரிப்பு, தலைவலி, வாந்தி எல்லாம் வரும். மீன் அலர்ஜி என்று நினைத்துக்கொள்வார்கள். வாங்கிய கையோடு வெட்டிக் கழுவி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். அது வாங்கியவர் முறை என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

மாத்திரை

இரண்டு தடவை போட்டதில் யார் தவறும் இல்லை. அட்டையைப் பார்த்து, போட்டோமா இல்லையா என்று 70 வயதில் நினைவு வைக்க முடியாது. 38 வயதிலேயே முடியாது. மருந்துக் கடையில் ஏழு நாள், காலை, இரவு என்று கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டி கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகன் அம்மையுடன் உட்கார்ந்து அதை நிரப்பட்டும். மகன் என்றது உங்கள் கணவரை. கட்டம் காலியாக இருந்தால் போட்டாயிற்று. அவ்வளவுதான். சில மாத்திரைகளை அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரிக்கக் கூடாது; எவை என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் மறந்ததை இரவு மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கவும் கூடாது. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழம்பினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்துவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். இந்த நாலு வரியையும் மகனும் மகளும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மதியம் வீட்டில் அவரோடு இருப்பது லீவு நாளில் அவர்கள்தான்.

போர்டை விட்டுவிட்டுக் காலண்டருக்கு வாருங்கள்

வாட்ஸ்அப் குழுவில் மாமி இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். வீட்டில் அதிக நேரம் இருப்பவருக்குத் தெரியாத அட்டவணை எதற்கு? விரத நாள் பார்க்க அவர் தினமும் நிற்கும் இடம் ஹாலில் தொங்கும் மாதக் காலண்டர். கட்டம் பெரிதாக உள்ள ஒன்றை மாட்டி, ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பரீட்சை, பி.டி.ஏ. கூட்டம், கல்யாணம், மாமியின் செக்கப் எல்லாம் தெரியவந்த அன்றே, தெரியவந்தவரே எழுத வேண்டும். சிலிண்டர் மாற்றிய தேதியையும் எழுதுங்கள். மூன்று தடவை எழுதினால் உங்கள் வீட்டுக்கு ஒரு சிலிண்டர் எத்தனை நாள் என்று தெரிந்துவிடும், பிறகு புக் செய்வதை யாரும் நினைவு வைக்க வேண்டாம்.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று படித்து, 21-ஆம் நாள் எல்லாம் கலைந்ததும் மனம் உடைந்துவிட்டீர்கள். அந்த 21 நாள் கணக்குக்கு உறுதியான ஆதாரம் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் கண்டார்கள். அதனால் இத்தனையையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் மாதம் வாசல் கொக்கியும் மாத்திரைப் பெட்டியும் வேன் முறையும் மட்டும் போதும்.

மாமியைக் கொழுந்தன் வீட்டில் விடுவது

சண்டை நடந்த வாரத்தில் இந்த எண்ணம் வந்ததற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் இதை நிதானமாகப் பாருங்கள். வீட்டு வரி ரசீது மாமியின் பெயரில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய வீட்டிலிருந்து அவரை 'அனுப்ப' உங்களுக்கோ கணவருக்கோ உரிமை இல்லை. அவர் விரும்பினால் போய்வரலாம். இரண்டாவது, மாத்திரைக் குழப்பம் புது இடத்தில் குறையாது, கூடும். மூன்றாவது, அவர் போனால் 4 மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கதவு திறப்பது யார் என்று யோசித்தீர்களா? கணவர் இல்லாத 13 வருடமும் நீங்கள் வேலைக்குப் போக முடிந்தது மாமி அந்த வாசலில் நின்றதால். அந்த போர்டின் 14 வரிகளில் அவர் பெயர் ஒரு தடவைகூட இல்லை. அவர் செய்வது எதுவும் எழுதப்படவில்லை என்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அவருக்கே இளைய மகன் வீட்டில் பத்து நாள் இருந்து வர ஆசை இருந்தால், கேட்டு, மாத்திரைப் பெட்டியை நிரப்பிக் கொடுத்து அனுப்புங்கள். திரும்பி வரும் தேதியைக் காலண்டரில் எழுதிவிட்டு. கேட்பது உங்கள் கணவராக இருக்கட்டும், நீங்கள் கேட்டால் வேறு அர்த்தம் வந்துவிடும்.

உங்கள் உடம்பு

முடி கொட்டுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்ற மூன்று வரியை ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கொக்கியும் டப்பாவும் மருந்தாகாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். தக்கலை அரசு மருத்துவமனையோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ எது வசதியோ அங்கே போகலாம். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, ஆனாலும் இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நிற்கவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கம் இருந்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மனஸ் சேவை அது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வேன் முறையை வருகிற திங்கட்கிழமையே தொடங்குங்கள். ஞாயிறு ராத்திரி கணவரிடம் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் காதிலும் விழட்டும். திங்கள் காலை பஸ் ஏறியதும் போனைப் பைக்குள் போடுங்கள். சாக்ஸ் கிடைத்ததா என்று கேட்க 8.10 வரை வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள்.